சைக்குலும் பெற்ற பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: நூற்றாண்டுக்கு ஸ்பானிஷில் சிக்லோ, இத்தாலியத்தில் செக்கொலோ, பிரெஞ்சில் சியெக்ல். எல்லாம் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். லத்தீன் 'சைக்குலும்'. போர்ச்சுகீசிய செக்குலு, காத்தலான் செக்லெ ஆகியவையும் அதன் வழி வந்தவையே. ஆனால் லத்தீனில் அதற்குத் தலைமுறை, ஒரு மனிதர் வாழக்கூடிய நெடுங்காலம் என்றுதான் பொருள். எத்தனை ஆண்டு என்பதில் ரோமரே ஒத்துப்போகவில்லை. கி.மு. 17இல் பேரரசர் அகஸ்துஸ் 110 ஆண்டுக் கணக்கில் சைக்குலும் விழா எடுத்தார். கி.பி. 47இல் பேரரசர் கிளவுதியுஸ் 100 ஆண்டுக் கணக்கைப் பிடித்து மறுபடி நடத்தினார்.

கேள்வி: நூறு கொண்ட தொகுதிக்கு லத்தீனில் 'கெந்தூரியா' அல்லவா?

பதில்: அது படைப்பிரிவு, வாக்களிக்கும் பிரிவு. ஆங்கிலத்து செஞ்சுரிதான் அந்த வழி.

கேள்வி: லத்தீன் சொற்களின் ஒலி இந்த மொழிகளில் மாறிய விதியைப் போட்டுப் பார்த்தால் சிக்லோ வரமாட்டேன் என்கிறதே?

பதில்: வராது. கண்ணுக்கு லத்தீனில் ஓக்குலும். நடு உகரம் உதிர்ந்து க், ல் ஒட்டிக்கொண்டதும் இரண்டும் உருமாறிவிடும்: ஸ்பானிஷில் ஓஹோ (வியப்பு அல்ல, கண்ணேதான்), இத்தாலியத்தில் ஓக்கியோ, போர்ச்சுகீசியத்தில் ஓல்யு. முகம் பார்க்கும் கண்ணாடியான ஸ்பெக்குலும் அப்படியே எஸ்பேஹோ, ஸ்பெக்கியோ, எஸ்பேல்யு. இதே தடத்தில் போயிருந்தால் சைக்குலும் ஸ்பானிஷில் 'சேஹோ' மாதிரி ஏதாவது ஆகியிருக்கும்.

தடுத்தது கிறிஸ்தவக் கோயில்களில் ஒலித்த லத்தீன். ஜெபங்களை முடிக்கும் 'இன் சைக்குலா சைக்குலோரும்', தமிழ் ஜெபத்தில் 'என்றென்றும்' என்று வருகிறதே, அது ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதனால் ஸ்பானிஷில் உகரம் உதிர்ந்து, க் மெலிந்து, மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. இத்தாலியத்தில் உகரம் ஒகரமானதே தவிர உதிரக்கூட இல்லை. ஆகவே அதுதான் அதிகம் ஏட்டு வாடை அடிப்பது.

கேள்வி: ருமேனியத்தில்?

பதில்: கண்ணுக்கு ஓக்கி உண்டு, சைக்குலும் மட்டும் வழிவழியாக வரவில்லை. அந்த இடத்தில் ஸ்லாவிய 'வியாக்' உட்கார்ந்திருந்தது. 'செகோல்' பிற்காலக் கடன். இன்று இரண்டும் புழங்குகின்றன. வியாக்கில் பழமை வாசனை கூடுதல்.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது எங்கே சறுக்கும்?

பதில்: இத்தாலிய 'குவாத்ரோசென்டோ'வில். சொல்லுக்கு நானூறு என்று பொருள், முன்னே ஆயிரம் தொக்கி நிற்கிறது. ஆக 1400கள், அதாவது 15ஆம் நூற்றாண்டு. நான்காம், பதினான்காம் என்று எழுதினால் இரண்டும் தப்பு. அடுத்தது ஸ்பானிஷ் 'சிக்லோ தே ஓரோ'. அது 16, 17ஆம் நூற்றாண்டுகள் இரண்டையும் தொடுவது. 'பொன் நூற்றாண்டு' என்று போடாதீர்கள். 'பொற்காலம்' என்று போடுங்கள்.