தலைமை தாங்க மறுத்த நீதிபதி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட நிதி திரட்டும் விழா வைத்தோம். அங்கே படித்து உயர் நீதிமன்ற நீதிபதியான ஒருவரைத் தலைமை தாங்கக் கேட்டோம். முடியாது என்றுவிட்டார். ஒரு பைசா கேட்கவில்லை, மேடையில் உட்கார்ந்தால் போதும் என்றோம். கேரள வெள்ளத்துக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பாட்டே பாடினார்களே, இவருக்கு மட்டும் என்ன?

- ஒரு முன்னாள் மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் அவர் பக்கம்தான்.

1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடித் தங்களுக்குத் தாங்களே 16 நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். உயர் நீதிமன்றங்களுக்கும் அதுதான் வழிகாட்டி. அதில் 14ஆவது நெறி, எந்த நோக்கத்துக்காகவும் நீதிபதி நிதி கேட்கவோ வாங்கவோ கூடாது, திரட்டுவதில் முனைந்து ஈடுபடவும் கூடாது என்கிறது. பள்ளிக்கூடம், கும்பாபிஷேகம் எதற்கும் விலக்கு இல்லை.

ஏன் இத்தனை கறார்? ரசீது புத்தகத்தோடு நீங்கள் யாரிடமெல்லாம் போவீர்கள் என்று யோசியுங்கள். அரிசி ஆலைக்காரர், பஸ் முதலாளி, நாலு வக்கீல்கள். அழைப்பிதழில் 'மாண்பமை நீதியரசர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று இருக்கும். ஆலைக்காரரின் நிலத் தகராறு ஐகோர்ட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் தர நினைத்தவர் ஐம்பதாயிரம் எழுதுவார். எதிர்த்தரப்புக்காரருக்கு அது தெரியவந்தால் அவருக்கு அன்றிரவு தூக்கம் வருமா? நீதிபதி அந்தப் பட்டியலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருப்பார் என்று நம்ப ஊரில் நாலு பேர் போதும்.

கேரள விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆளுக்கு 25,000 ரூபாய் கொடுத்தார்கள். அது அவரவர் பணம், பேச்சே இல்லை. நீங்கள் சொல்வது நீதிமன்றச் செய்தியாளர்கள் டெல்லியில் நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சி. அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக இருந்த கே.எம். ஜோசப், குரியன் ஜோசப் இருவரும் அங்கே பாடினார்கள். இருவரும் கேரளத்துக்காரர்கள். சொந்த மண் தண்ணீரில் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் 14ஆவது நெறியை வைத்துக்கொண்டு அந்த மேடையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அவ்வளவு பெரிய துயரத்திலேயே இடிக்கிறது என்றால், உங்கள் இரண்டு வகுப்பறைக்கு என்ன சொல்வது!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனக்கென நடத்தை நெறி வெளியிட்டதே 2023 நவம்பரில்தான். நிதி திரட்டும் விழாவுக்கு நீதிபதி போகலாம், ஆனால் பேச்சாளராகவோ சிறப்பு விருந்தினராகவோ இருக்கக் கூடாது என்கிறது அது. செலவை மிஞ்சி வசூலானாலே பொதுவாக அது நிதி திரட்டும் விழாதான். நம்முடையதைவிட இளக்கம், இருந்தும் நீங்கள் போட்ட நாற்காலி அங்கேயும் கிடையாது.

முதலில் கட்டடத்தை முடியுங்கள். அப்புறம், வசூல் எதுவும் இல்லாத ஓர் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், வரக்கூடும். நடுவில் அவராகவே தன் சம்பளத்திலிருந்து ஏதாவது அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்ஸ் மட்டும் வேண்டாம்.