1.4-ஆ, 1.8-ஆ? கேமரா கேள்வி பதில்

நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். காதுகுத்து, நிச்சயதார்த்தம் போன்ற வீட்டு விசேஷங்களை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்) போதுமா, எஃப்/1.4 வாங்கலாமா? பழைய 1.8டி ஒன்று மலிவாக வருகிறது.
(செங்கோட்டை வாசகர்)

முதலில் அந்தப் பழைய லென்ஸை விட்டுவிடுங்கள். 'டி' வகை லென்ஸில் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி5600-இல் அந்த மோட்டார் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபோகஸ் செய்ய நேரும். லென்ஸிலேயே மோட்டார் உள்ள 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' வகைதான் உங்களுக்கு உதவும்.

அடுத்து, 50 மி.மீ. உங்களுக்குத் தேவையா என்பதையே யோசியுங்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. போட்டால், ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 75 மி.மீ. போட்டது போலத் தெரியும். 3 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 1.4 மீட்டர் அகலம்தான் படத்துக்குள் வரும். பொண்ணும் மாப்பிள்ளையும் அடங்குவார்கள், பக்கத்தில் நிற்கும் தாய்மாமன் வெட்டுப்படுவார். அதே இடத்தில் 35 மி.மீ. 2 மீட்டர் அகலம் தரும். முதுகு சுவரில் முட்டும் நம் ஊர்க் கூடங்களுக்கு 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ் (சிறிய சென்சாருக்கான லென்ஸ்) தான் சரி. எடை 200 கிராம், 30 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்.

1.4-க்கும் 1.8-க்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). 1.4-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 2000 வைத்து எடுக்கும் படத்தை 1.8-இல் 3200 வைத்து எடுப்பீர்கள், அவ்வளவுதான். இதற்காக ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுப்பது, நிகழ்ச்சி எடுப்பவருக்கு வீண் செலவு என்றே சொல்வோம். ஏனென்றால் 1.4-இல் எடுக்கும் சந்தர்ப்பமே குறைவு. ஒன்றரை மீட்டரில், 50 மி.மீ. 1.4-இல், உங்கள் சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ. குழந்தையின் கண் தெளிவாக இருந்தால், மடியில் வைத்திருக்கும் மாமன் முகம் கலங்கிவிடும். 35 மி.மீ. லென்ஸில் 2.8 வைத்தால் அந்த ஆழம் 20 செ.மீ. ஆகும், இரண்டு முகமும் கிடைக்கும்.

ஆசாரி கம்பியைக் குத்தும் நொடியில் குழந்தை தலையை வெட்டி இழுக்கும். அதற்கு ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் குறையக் கூடாது. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. முடிந்தால் மணையை ஜன்னல் பக்கம் போடச் சொல்லுங்கள். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மின்னுவதால், 1/250-இல் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 1/100 வையுங்கள், அந்தத் தொல்லை இராது.

கேனான் 6டி-க்கு பழைய 50 மி.மீ. எஃப்/1.4 யூஎஸ்எம் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
(மார்த்தாண்டம் வாசகர்)

1993-இல் வந்த லென்ஸ் அது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்குழாய் முன்னால் நீண்டு வரும். அந்த நிலையில் முன்பக்கம் அடிபட்டால் குழாய் நகரும் தடம் வளைந்து, ஆட்டோ ஃபோகஸ் சிக்கிக்கொள்ளும். இந்த லென்ஸின் பெரிய பலவீனம் இதுதான்.

கடையிலேயே ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் கரகரவென்று பிடித்தால் வேண்டாம். பிறகு ஆட்டோ ஃபோகஸில் 45 செ.மீ. தூரத்தையும் தெருக்கோடியையும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் செய்யுங்கள். தயங்கினாலோ, சத்தம் மட்டும் வந்தாலோ மோட்டார்ப் பகுதி போய்விட்டது. எஃப்/16 வைத்து, டெப்த் பிரிவியூ பொத்தானை (லென்ஸ் துளையைச் சுருக்கிக் காட்டும் பொத்தான்) அழுத்தியபடி முன்னாலிருந்து துளையின் இதழ்களைப் பாருங்கள், எண்ணெய் மினுங்கக் கூடாது. கடைசியாக டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிவிட்டால் ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு வளையம்) மாட்டாமல் வெளியே எடுக்காதீர்கள். ஹூட், நகராத வெளிக்குழாயில் உட்கார்வதால் அடியை அது வாங்கிக்கொள்ளும். பையில் வைக்குமுன் ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு (மிகத் தொலைவுக்கு) திருப்பி, குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள். 1.4-இல் படம் மெல்லிய புகைபோல இருந்தால் கோளாறு என்று பதற வேண்டாம், அதன் இயல்பே அப்படி. 2-இல் சீராகி, 2.8-இல் நன்றாக வரும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் 2015-இல் வந்த எஃப்/1.8 எஸ்டிஎம் புதிதாக வாங்குங்கள். 160 கிராம்தான், 35 செ.மீ. வரை கிட்டப் போகலாம்.

மழைக்காலத்தில் லென்ஸைப் பீரோவில் அந்துருண்டையோடு வைக்கலாமா?
(மூணாறு வாசகர்)

கூடாது. அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது. தோல் பையும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வையுங்கள். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் மறுபடி நீலமாகும் வரை சூடாக்கி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். மழையில் நனைந்த லென்ஸை மட்டும் அன்றைக்கே டப்பாவில் பூட்டாதீர்கள். துடைத்து, ஓரிரவு ஃபேன் காற்றில் வைத்த பிறகு உள்ளே போடுங்கள்.