1784 என்று இருந்தால் 1784-இல் அடித்ததா?

கேள்வி: புதுச்சேரியில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலை பொறித்த வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பின்புறம் ரோமன் எண்ணில் 1784 என்று இருக்கிறது. இணையத்தில் ஒருவர் இரண்டு லட்சம் தருகிறாராம். முதலில் சான்றிதழுக்கு 5,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விற்கிறவரிடமே முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்ல. சான்றிதழ், பதிவு, வரி என்று பெயர்தான் மாறும். கட்டக் கட்ட இன்னொன்று முளைக்கும். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி, பழைய நாணயங்களுக்குக் கமிஷன் கறக்கிறார்கள் என்று அந்த வங்கி 2021-இல் எச்சரித்தது. ஆனாலும் இந்த விளம்பரங்கள் நின்றபாடில்லை. தடுக்க வேண்டியவர்கள் அறிக்கை விட்டதோடு சரி.

இனி பதக்கம். 1784 என்பது ஓகுஸ்தேன் துய்ப்ரே என்ற பிரெஞ்சுப் பதக்கச் சிற்பி இதைச் செதுக்கிய ஆண்டு. பாரிஸ் நாணயச்சாலை இதைப் பிற்காலத்திலும் அடித்து விற்றிருக்கிறது; அவை போலி அல்ல, மறு அச்சு. லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். 1832-க்குப் பிறகு அங்கே சின்னக் குறி இடுவார்கள்: 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, 1880 வரை தேனீ, அதன்பின் கனிகள் நிறைந்த கொம்பு. கூடவே உலோகத்தின் பெயரும் இருக்கும். கொம்பு இருந்தால் விலை ஆயிரங்களில்தான்.

குறியே இல்லையா? உடனே 1784 என்று துள்ள வேண்டாம். வார்ப்பில் எடுத்த நகலிலும் குறி இருக்காது. குறியை அரத்தால் ராவிவிட்டு விற்பவர்களும் உண்டு. ராவிய இடத்தில் கீறல் தெரியும். வார்ப்பு நகலில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் சற்றுக் குறையும். இவை எதுவும் இல்லையென்றால்தான் மேலே பேசலாம்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் யோசனையும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. கொம்புக் குறியோ 1880-இலிருந்து இன்றுவரை ஒன்றேதான். அதை மட்டும் வைத்து நூறாண்டு ஆயிற்றா என்று சொல்ல முடியாது. இதைக் காட்டிக் கருத்துக் கேட்க, சாதாரண மனிதருக்கு ஊருக்கு ஒரு கவுன்டர்கூட இந்த நாட்டில் கிடையாது!

புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாதி மதிப்பு அந்தப் பழுப்பு நிறத்தில்தான் இருக்கிறது. எடை, விட்டம், விளிம்பின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, நாணயச் சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு நேரில் போய்க் காட்டுங்கள்.