ஊதி மாட்டிக்கொண்டேன், கார் இன்சூரன்ஸ் ஏறுமா?

கேள்வி: போன மாதம் கல்யாண விருந்து முடிந்து ராத்திரி காரில் திரும்பும்போது போலீஸ் ஊதச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டேன். கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதமும் கட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். கனடாவில் இருக்கும் மச்சான், ஒருதடவை மாட்டினாலே பிரீமியம் பல மடங்கு ஏறும் என்கிறார். இங்கேயும் அப்படியா? நோ கிளெய்ம் போனஸும் போய்விடுமா?

பதில்: மச்சான் சொல்வது அவர் ஊர்க் கதை. இங்கே தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை, அதாவது உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதியை, அரசே நிர்ணயிக்கிறது, காரின் சிசியைப் பார்த்துத்தான், ஓட்டுபவரைப் பார்த்து அல்ல. நோ கிளெய்ம் போனஸ் என்கிற, கிளெய்ம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி, கிளெய்ம் போட்டால்தான் போகும், அபராதம் கட்டியதற்காகப் போகாது. விதிமீறலுக்குப் புள்ளி போட்டு பிரீமியத்தைக் கூட்டலாம் என்று 2021 ஜனவரியில், இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைத்த குழு யோசனை சொன்னது, அதில் குடித்து ஓட்டியதற்குத்தான் 100 புள்ளி. ஆக, எண்ணம் அவர்களுக்கு இல்லாமல் இல்லை.

நான் உங்களைக் கேட்க நினைப்பது வேறு: லைசென்ஸ் என்ன ஆச்சு? இந்த வழக்குகளில் ஆர்டிஓ லைசென்ஸைச் சில மாதங்களுக்கு முடக்குவது வழக்கம். அபராதம் கட்டியதோடு கதை முடிந்தது என்று நினைத்து, முடக்கிய காலத்தில் வண்டியை எடுத்து எங்காவது இடித்தீர்கள் என்றால், அன்று சொட்டுக்கூடக் குடிக்காமல் இருந்தாலும் சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கைவிரித்துவிடும். முதலில் அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் நிலையைப் பாருங்கள்.

அப்புறம், குடித்திருக்கும்போதே விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்குப் பைசா கிடையாது. நீங்கள் என்றில்லை, உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு ஓட்டும் நண்பர் குடித்திருந்தாலும் அதேதான். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் அப்போது நிற்காது. ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லையே, எப்படி நிரூபிப்பார்கள் என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பார்கள். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்துபோனது, பரிசோதனை எதுவும் இல்லை, ஆனால் ஓட்டியவரிடம் மது வாடை அடித்ததாக மருத்துவமனைக் குறிப்பு இருந்தது. கிளெய்மை மறுத்தது சரிதான் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது போலீஸ் வழக்குக்கான அளவு, அதற்குக் கீழே இருந்தால் இன்சூரன்ஸ் பணம் உறுதி என்று கணக்குப் போடாதீர்கள்.

எதிரில் வந்தவருக்கு அடிபட்டால்? கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் சொன்னது. உயிர்ச்சேதம் என்றால் அந்தத் தொகை லட்சக்கணக்கில் போகும், வீட்டை விற்றுக் கட்டும் நிலைகூட வரலாம், அதற்கு முன் இந்த 10,000 ஒன்றுமே இல்லை.

புதுப்பித்தலில் ஒரே ஒரு விஷயம். பழைய கம்பெனியிலேயே தொடர்ந்தால் பொதுவாக வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. வேறு கம்பெனிக்கு மாறி, விண்ணப்பத்தில் முந்தைய தண்டனை பற்றிய கேள்வி இருந்தால், ஏஜென்ட் 'இல்லைன்னு போட்டுக்கலாம் சார்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள், உள்ளதை எழுதுங்கள். மறைத்தது நாளைக்குத் தெரிந்தால், அதையே காரணம் காட்டி நியாயமான கிளெய்மையும் மறுத்துவிடுவார்கள்.