மரம் நடுவதற்கு முன் மதகுகளை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஏ9 வீதியோரத்துச் சந்தி. முன்பு நாலு கடையும் ஓர் அரிசி ஆலையும்தான். இப்போது வங்கி, ஹாட்வெயார், கலியாண மண்டபம் என்று நகரமாகிவிட்டது. ‘பசுமை நகரம்’ என்று வீதியோரம் மரம் நடுகிறார்கள். ஆனால் வெள்ளமே காணாத எங்கள் ஒழுங்கையில் இப்போது மாரியில் முழங்காலளவு தண்ணீர். கோடையில் கிணறு வற்றுகிறது. அடுத்த வருடப் பாதீட்டுக்கு முன் எங்கள் சனசமூக நிலையம் பிரதேச சபைக்கு ஒரு கோரிக்கை கொடுக்க நினைக்கிறது. எதைக் கேட்டால் பிரயோசனம்?
– சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: மாரி வெள்ளத்தையும் கோடையில் வற்றும் கிணற்றையும் இரண்டு முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள். கோரிக்கைக் கடிதத்தில் ஒன்றாகவே எழுதுங்கள். வளவுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு ஊற வேண்டிய தண்ணீர்தான் ஒழுங்கையில் நிற்கிறது. தனித்தனியாகக் கேட்டால் சபை ஒன்றுக்கு வாய்க்காலும் மற்றதற்குத் தண்ணீர்ப் பவுசரும் தரும். இரண்டும் அடுத்த வருடம் திரும்ப வரும்.

வவுனியாவிலிருந்து வடக்கே வரும்போது ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று பஸ் நிற்கும். பாதிப் பெயரில் குளம் இருக்கிறது. வன்னியில் ஊர்கள் குளத்தைப் பார்த்து அமைந்தவை. நகரங்களோ வீதியைப் பார்த்து வளர்கின்றன. கடைக்காரருக்கு வீதி முகப்பு வேண்டும், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஏ9 வடக்கு நோக்கி நீண்டு கிடக்க, பல இடங்களில் தண்ணீர் அதைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் கட்டடங்கள் வரிசையாக எழும்பினால் என்ன நடக்கும் என்பதைத்தான் நீங்கள் முழங்காலளவில் காண்கிறீர்கள்.

நம்முடைய குளங்கள் தனித்தனிக் கிண்ணங்களாக இருப்பதில்லை. மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வயலாலும் ஓடையாலும் இறங்கிக் கீழ்க்குளத்தை நிரப்பும். இடையில் பள்ளமாகக் கிடக்கும் மோட்டைகளில் கொஞ்சம் தங்கி ஊறும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி இரணைமடுக் குளத்தை நிரப்பி, அங்கிருந்து ஆனையிறவுப் பக்கத்துக் கடனீரேரிக்கு இறங்குவதும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் பெரிது. 2018 டிசம்பர் 21, 22 இல் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாழ்வான இடங்கள் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு மழைக்கு எந்த நகரத் திட்டமும் முழுப் பதில் ஆகாது. ஆனால் உங்கள் ஒழுங்கையில் நிற்பது அப்படிப்பட்ட மழையின் தண்ணீர் இல்லை. சாதாரண ஐப்பசி மழையே நிற்கிறது என்றால் காரணம் கிட்டத்தில்தான் இருக்கிறது.

என் கணிப்பில் முதல் காரணம் கிரவல். பள்ளக் காணி வாங்கிய ஒருவர் டிப்பரில் கிரவல் பறித்து இரண்டு, மூன்று அடி உயர்த்துகிறார். பக்கத்துக் காணிக்காரர் தன் வளவில் தண்ணீர் நிற்கிறதென்று அவரிலும் அரை அடி கூட உயர்த்துகிறார். மூன்றாமவர் மதிலும் கட்டுகிறார். இப்படி ஏழெட்டுக் காணி சேர்ந்தால் வீதியோரம் ஒரு குளக்கட்டு எழும்பிவிடும், தண்ணீர் திறந்துவிடத் துருசும் மிகுதி வழிய வானும் இல்லாத குளக்கட்டு. அதன் பின்பக்கம் இருப்பவரின் வளவு குளமாகாமல் என்ன செய்யும்?

ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1 லீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் அந்த ஒரு பரப்பில் மட்டும் 25,300 லீற்றர் விழுகிறது. 5,000 லீற்றர் பவுசர் என்றால் ஐந்து. வளவு மண்ணாக இருந்த காலத்தில் அதில் நல்ல பங்கை மண் குடித்தது. செம்மண் என்றால் கூட, களி என்றால் குறைய. இப்போது கூரை, சீமெந்து முற்றம், கொங்கிறீற் வாசல் என்று மூடிவிட்டால் ஐந்து பவுசர் தண்ணீரும் படலையால் வெளியே வரும். ஒழுங்கையில் எத்தனை படலை இருக்கிறதென்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அதனால் சபையிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டட அனுமதிக்கு ஒரு நிபந்தனை. காணியை உயர்த்தாமல் வீட்டின் அத்திவாரத்தை உயர்த்தட்டும். காணியை உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய நீரோட்டத்துக்கு எல்லையோரம் வழி விட்டதை வரைபடத்தில் காட்டிய பிறகே அனுமதி. வளவில் ஒரு பங்கு மூடாமல் விடப்பட வேண்டும். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்றால் அடியில் கொங்கிறீற் போடாமல் மணலில் இன்டர்லொக் கல் பதிக்கலாம். கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிக்கலாம், அல்லது மலக்குழிக்குத் தூரமாகச் சல்லியும் மணலும் போட்ட குழியில் இறக்கலாம். இதெல்லாம் என் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மழைநீர் சேகரிப்பு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்குள் 2007 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. அந்த 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்கச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கே பொருந்தும். ஆகவே உங்கள் சந்தி அப்படிப் பிரகடனப்படுத்தப்பட்டதா என்பதைச் சபையில் முதலில் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றாலும் சபை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உப விதி ஆக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, நீர்வழி வரைபடம். இதற்கு ஆலோசனை நிறுவனம் தேவையில்லை, வயதானவர்கள் இரண்டு பேர் போதும். அவர்களோடு மேல்குளத்துக் கட்டில் ஏறி, வானிலிருந்து கீழ்க்குளம் வரை நடந்து வாருங்கள். எங்கே ஓடை இருந்தது, வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் மதகு எங்கே இருந்தது, எது மூடப்பட்டது என்று அவர்கள் காலால் காட்டுவார்கள். ஒவ்வொரு மதகையும் எண்ணி, அகலம் அளந்து, படம் எடுங்கள். காப்பெற் போட்டு வீதி உயர்ந்த இடங்களில் பழைய சின்ன மதகே அடியில் கிடப்பதையும், அதன் வாயைக் கிரவல் அடைத்திருப்பதையும் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஒழுங்கைக்கு இலட்சக் கணக்கில் வாய்க்கால் கட்டி, அதைப் போய்ச் சேர்க்க மதகு இல்லாமல் விட்ட வேலையும் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்காலில் இப்போது நுளம்பு வளர்கிறது.

யாரிடம் போவது என்பதில்தான் சனம் களைத்துப் போகும். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. ஏ9 இன் மதகுகளை வீதி அபிவிருத்தி அதிகார சபைதான் தொடலாம். பிரதேச சபைக்கு உள்வீதிகளும் அவற்றின் வாய்க்கால்களும். வயல் நிரப்பப்படுகிறதென்றால் கமநல சேவை நிலையத்துக்கு உடனே எழுதுங்கள். 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. அனுமதி இருக்கிறதா என்பதை அறிய 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதிலும் இது நல்லது, காணிக்காரர் நாளைக்கும் உங்கள் அயலவர்தானே.

குடியேற்றத் திட்டங்களில் ஏக்கர் கணக்கில் கிடைத்த காணிகள் பிள்ளைகளுக்குப் பிரிந்து, இப்போது பரப்புக் கணக்கில் வந்து நிற்கின்றன. அங்கே கிணறும் மலக்குழியும்தான் பெரிய தலையிடி. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது வழமை. ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடி. உங்கள் வளவுக்குள் மூலைக்கு மூலை வைத்து எப்படியோ சமாளித்தாலும், அயலவரின் மலக்குழி மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கிணற்றோடு ஒட்டி இருக்கும். ஆகவே காணி பிரிக்கும் அனுமதியின்போதே முழு ஒழுங்கைக்கும் சேர்த்துக் கிணறு எந்தப் பக்கம், குழி எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும்படி கேளுங்கள். அரசு கொடுத்த அனுமதிப் பத்திரக் காணி என்றால் அதைப் பிரதேச செயலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீதியோரம் வேம்பும் புளியும், ஓடைக் கரையில் மருதும் நாவலும் வையுங்கள். நட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் எழுதிக் கொடுங்கள். குளத்தின் ஓரத்தை நிரப்பி நடைபாதையும் ஊஞ்சலும் போடும் திட்டம் வந்தால் மட்டும் எதிர்த்து எழுதுங்கள். நிரப்பிய ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தண்ணீர் வேறு யாருடைய வீட்டுக்கோதான் போகும்.

குப்பை, போக்குவரத்து பற்றி இந்த முறை எழுதாதீர்கள். பத்துக் கோரிக்கை உள்ள கடிதத்தில் செலவில்லாத ஒன்றுதான் நிறைவேறும், அநேகமாகப் பெயர்ப்பலகை. அனுமதி நிபந்தனை, நீர்வழி வரைபடம், அடைபட்ட மதகுகளைத் திறக்க ஓர் ஒதுக்கீடு என்ற மூன்றோடு நிறுத்துங்கள். பாதீடு பொதுவாக டிசம்பருக்குள் நிறைவேறிவிடும். ஆகவே புரட்டாதிக்குள் நடந்து முடித்து, ஐப்பசி முதல் மழையில் தண்ணீர் நிற்கும் இடங்களைத் திகதியோடு படம் எடுத்து, வரைபடத்தோடு இணைத்து உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். கமக்காரர் அமைப்பின் கையொப்பத்தையும் வாங்குங்கள், கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் போகாமல் நட்டப்படுபவர்கள் அவர்கள்தான். ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் இன்னொன்றை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் குத்தி வையுங்கள்.