குரோமில் சரியாகத் தெரியும் எழுத்துரு, ஃபோனில் ஏற்றினால் மட்டும் ஏன் மாறிவிடுகிறது?

இணையப் பக்கம் போல எழுதி மொபைல் செயலியாக்கும் ஐயோனிக்கில் செயலி செய்கிறீர்கள். குரோமில் மொபைல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் நீங்கள் சேர்த்த எழுத்துரு வருகிறது, ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியின் கோப்பு) போட்டு ஃபோனில் திறந்தால் வருவதில்லை. இதுதானே கேள்வி? நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான்.

குரோமின் மொபைல் பார்வை மாற்றுவது திரையின் அளவு, பிக்சல் விகிதம், தொடுதல், யூசர் ஏஜென்ட் (உலாவி தன்னை யாரென்று சொல்லும் வரி) ஆகியவற்றைத்தான். எழுத்துருக்கள் எல்லாம் உங்கள் கணினியில் இருப்பவை. பட்டியலில் ஐஃபோனைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்தை வரைவது உங்கள் லேப்டாப்பும் குரோமின் எஞ்சினும்தான், ஐஃபோனின் எஞ்சினான வெப்கிட் அல்ல. ஐஃபோன் வேஷம் கட்டிய விண்டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிய கதை இது. ஒரு சீட்டு நிறுவனத்துக்குச் செயலி செய்தேன். எழுத்துரு முக்தா மலர். 'தவணை செலுத்துக' என்ற பொத்தான் என் லேப்டாப்பில் ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாடிக்கையாளரின் ஃபோனில் 'செலுத்துக' இரண்டாம் வரிக்கு இறங்கி, பாதி எழுத்து பொத்தானின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அது முக்தா மலரே இல்லை, ஆண்ட்ராய்டில் வரும் நோட்டோ சான்ஸ் தமிழ்.

எங்கே பிசகு? சில மாதங்களுக்கு முன் ஒரு போஸ்டர் வேலைக்காக முக்தா மலரை என் லேப்டாப்பில் நிறுவியிருந்தேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், எழுத்துருவை அறிமுகப்படுத்தும் ஃபான்ட்-ஃபேஸ் விதியில், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்சி வரியில் முதலில் லோக்கல், அப்புறம் யூஆர்எல் என்று எழுதியிருந்தேன். லோக்கல் என்றால் கணினியில் அந்தப் பெயரில் எழுத்துரு இருந்தால் அதையே எடுத்துக்கொள் என்று பொருள்; யூஆர்எல் என்றால் செயலியோடு வைத்த கோப்பின் முகவரி. என் கணினியில் இருந்தது, எடுத்துக்கொண்டது. செயலியோடு வைத்த கோப்பு ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை.

லோக்கலை நீக்கினேன். கணினியில் வந்தது, ஃபோனில் அப்போதும் வரவில்லை! இன்னொரு அரை நாள் போனது. ஃபோல்டரின் பெயர் பெரிய எஃப் போட்ட ஃபான்ட்ஸ், சிஎஸ்எஸ்ஸில் நான் எழுதியது சின்ன எஃப். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், நான் ஓட்டிய லோக்கல் சர்வரும் கண்டுகொள்ளவில்லை. ஏபிகேக்குள் போனதும் இரண்டும் வேறு வேறு. அன்றிலிருந்து எழுத்துருக் கோப்பு, ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் சின்ன எழுத்துதான், இடைவெளி கிடையாது.

எனவே முதலில் உங்கள் கண்ணை நம்பாதீர்கள். குரோமின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, எலிமெண்ட்ஸில் 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடிவரை போங்கள். அங்கே 'ரெண்டர்டு ஃபான்ட்ஸ்' என்று இருக்கும். எந்த எழுத்துரு எத்தனை எழுத்துகளை வரைந்தது, அது 'நெட்வொர்க் ரிசோர்ஸ்' ஆக வந்ததா 'லோக்கல் ஃபைல்' ஆக வந்ததா என்று சொல்லிவிடும். லோக்கல் ஃபைல் என்று இருந்தால் நீங்கள் சோதித்துக்கொண்டிருப்பது உங்கள் கணினியைத்தான். எழுத்துருவைக் கணினியிலிருந்து நீக்குங்கள். நீக்க முடியாதென்றால் லோக்கலை எடுத்துவிட்டு, சிஎஸ்எஸ்ஸில் அதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு பெயர் வையுங்கள். நான் 'சீட்டு-எழுத்து' என்கிற மாதிரி ஏதாவது வைப்பேன்.

அதே இடத்தில் இரண்டு பெயர்கள் தெரிந்தால் வேறு சிக்கல். எண்களும் ஆங்கிலமும் உங்கள் எழுத்துருவில், தமிழ் மட்டும் நிர்மலா யுஐயில் என்று காட்டினால், நீங்கள் சேர்த்த கோப்பில் தமிழ் எழுத்துகளே இல்லை. லத்தீன் எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்த கோப்பை இறக்கிவிட்டு நாள் முழுக்கத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழுக்கான யூனிகோட் பகுதி 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. எந்த எழுத்துகளுக்கு இந்தக் கோப்பு என்று சிஎஸ்எஸ்ஸில் வரையறுக்கும் யூனிகோட்-ரேஞ்ச் போட்டிருந்தால் அது இதை உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என் என்று ஆளுக்கொரு முகம் வரும். அகலமும் உயரமும் மூன்றிலும் வேறு.

எழுத்துரு வராமல் போனால் திரை எப்படி இருக்கும் என்பதையும் கணினியிலேயே பார்க்கலாம். நெட்வொர்க் பகுதியில் எழுத்துருக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, அந்தக் கோரிக்கையைத் தடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். என் பொத்தான் உடைந்ததை அன்றே பார்த்திருப்பேன்.

எழுத்துருவை வேறு சர்வரிலிருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று: எழுத்துருக் கோப்புகளுக்கு கோர்ஸ் அனுமதி (வேறு முகவரியிலிருந்து கேட்டாலும் தரலாம் என்று சர்வர் சொல்வது) கட்டாயம். கணினியில் உங்கள் முகவரி லோக்கல்ஹோஸ்ட் 8100. ஐஃபோனில், ஐயோனிக் பக்கத்தைச் செயலியாக்கும் கெப்பாசிட்டரால் செய்த செயலியின் முகவரி கெப்பாசிட்டர்://லோக்கல்ஹோஸ்ட். சர்வர் முதலாவதை மட்டும் அனுமதித்தால் ஃபோனில் வராது. பேசாமல் கோப்பைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடுங்கள் என்பேன்.

கடைசிச் சோதனை ஃபோனில்தான். யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கிக் கேபிளில் இணைத்து, கணினி குரோமில் குரோம்://இன்ஸ்பெக்ட் திறந்தால், டீபக் பில்டாக (சோதனைக்கான பதிப்பாக) இருக்கும்வரை, ஃபோனில் ஓடும் செயலிக்கே அந்த 'ரெண்டர்டு ஃபான்ட்ஸ்' பட்டியல் கிடைக்கும். ஐஃபோனுக்கு மேக்கும் சஃபாரியும் வேண்டும்.

என் பொத்தான் எழுத்துரு சரியான பிறகும் அந்த ஒரு ஃபோனில் மட்டும் இரண்டு வரியாகவே வந்தது. ஃபோனை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும் என்று மனிதர் செட்டிங்ஸில் எழுத்தின் அளவைக் கடைசிப் புள்ளி வரை இழுத்து வைத்திருந்தார். செயலிக்குள் பக்கத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூ அதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. கடைசியில் பொத்தானின் உயரத்தைத்தான் மாற்றினேன்.