‘வண்டிப்பாதைக்கு வடக்கு’: சொத்து வழக்குரைஞரிடம் சில கேள்விகள்

மதுரையில் 22 வருடமாக சிவில் பக்கம் வழக்காடுகிறேன். வீடு, நிலம், கடை வாடகை, கூட்டுத்தொழில், இவைதான் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன், சார். கிரிமினல் பக்கம் போனால்தான் பேர் கிடைக்கும் என்கிறார்கள். நீங்கள் ஏன் சொத்து வழக்குகளுக்கு வந்தீர்கள்?

விரும்பி வரவில்லை, தம்பி. சேர்ந்த சீனியர் சிவில்காரர், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் கோர்ட்டில் வாயே திறக்கவில்லை. பத்திரத்தைப் பார்த்து சொத்து விவரத்தை எடுத்து எழுதுவதே வேலை. ஒருமுறை தமிழ்ப் பத்திரத்தில் ‘வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் பிராது எழுதும்போது, வடக்கு எல்லை வண்டிப்பாதை என்று போட்டுவிட்டேன். நம் பத்திர நடையில் அதற்கு அர்த்தமே வேறு: பாதைக்கு வடக்கே நிலம் இருக்கிறது, அதாவது பாதை நிலத்துக்குத் தெற்கில். நான்கு எல்லையையும் இப்படியே எழுதியிருந்தேன், மொத்த நிலமும் தலைகீழாகிவிட்டது. சீனியர் கத்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டி, கட்டம் போட்டு நாலு பக்கமும் எழுதச் சொன்னார். இன்றைக்கும் எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் கட்டம்தான் போடுகிறேன்.

ஜூனியருக்குச் சம்பளம் கிடைக்குமா?

சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேரும் முன்பே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். எனக்குக் கிடைத்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்.

மனை வாங்கப் போகிறேன். விற்பவர் பேரில் பட்டா இருக்கிறது, 30 வருட வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கிறது. போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அதை மட்டும் வைத்து உரிமையை நிரூபித்துவிட முடியாது. 1980-களில் நிலக் கணக்குகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டு வேலையில் பெயர் மாறிப் பதிவானதால் வந்த வழக்குகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதியாத உயிலும், கேட்கப்படாத வாரிசும் அதில் வருவதில்லை.

பெரும்பாலும் இடிப்பது இந்த வாரிசு விஷயம்தான். அப்பா இறந்தபின் அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள், அக்காவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், மகளுக்குப் பங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமான பங்கை 2005 திருத்தம் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதனால் தாய்ப்பத்திரத்தோடு, அதாவது சொத்தின் முந்தைய பத்திரத்தோடு, வாரிசுச் சான்றையும் கேளுங்கள். அப்புறம் மனைக்கு நேரில் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். வில்லங்கச் சான்றில் இல்லாத வில்லங்கத்தை எனக்கு நிறையச் சொல்லியிருப்பவர்கள் அவர்கள்தான்.

பவர் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ஆபத்தா?

ஆபத்துதான். இப்படிக் கைமாறினால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த பவரும் முடிந்துபோகும். அவர் நன்றாக இருக்கும்போதே கிரயம் பதிந்துகொள்ளுங்கள்.

நண்பரோடு சேர்ந்து ஓட்டல் நடத்தினேன். கூட்டுப் பத்திரம் உண்டு, நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. இப்போது கணக்குக் காட்ட மறுக்கிறார். வழக்கே போட முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யாத நிறுவனத்தின் பங்குதாரர் ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் கூட்டைக் கலைத்துக் கணக்குக் கொடு என்று கேட்கலாம், அதற்குத் தடையில்லை. முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அம்மா வீட்டைத் தம்பி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார். இப்போது சாப்பாடுகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை, ஐயா. திரும்ப வாங்க வழி உண்டா?

உண்டு. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் நிரூபிக்கப் பாடுபட வேண்டும். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அம்மாவுக்கு இலவச வழக்குரைஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

நீங்கள் இலவச முகாம்களுக்குப் போவது கேஸ் பிடிக்கத்தானே?

நியாயமான சந்தேகம். நாங்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. முகாமைக் குறுக்குவழியாக நினைப்பவர்களும் இருக்கலாம். அதனால்தான் முகாமில் பார்த்தவரின் வழக்கை நான் எடுப்பதில்லை.

ஒரு கிராமத்து முகாமில் ஒரு பாட்டி மஞ்சப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். பேரன் பாசத்தோடு லேமினேஷன் போட்டிருந்தான். மடிப்பு மடிப்பாக உள்ளே காற்றுக் குமிழ். பின்பக்கம் வேறு தாள் ஒட்டி மூடியிருந்ததால் சார்பதிவாளர் முத்திரையும் எழுத்தும் ஒன்றும் தெரியவில்லை. நகல் மனு எழுதிக் கொடுத்து, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதிலிருந்து எந்த முகாமிலும் என் முதல் வரி, ‘பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீங்க’ என்பதுதான்.

பத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். எல்லோரும் முன்பக்கத்தை மட்டும்தான் எடுத்து அனுப்புகிறீர்கள்.